படைக்கலமும் பகடையும்



பத்தாண்டுகளாகச் சொல்லை நிறுத்துப் பார்த்துப் பழகிய அவை இது. ஒரு சொல்லை எடுத்துவிட்டு, அதே பொருள் தரும் வேறொன்றை அவ்விடத்தில் வைத்தால் கவிதைக்கு என்ன நேரும் என்பது இவ்வவைக்குப் பழகிய வினா. அதே வினாவை, சொல்லுக்குப் பதிலாக வாளையும் ஈட்டியையும் வைத்து, ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் விளையாட்டு ஒன்று உண்டு. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். அவ்விளையாட்டில் படைக்கலங்களுக்கிடையே சமநிலை தேடப்பட்ட வரலாறே இவ்வுரையின் பொருள்.

1974ஆம் ஆண்டு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா நகரைச் சேர்ந்த டி.எஸ்.ஆர். நிறுவனம் இதனை வெளியிட்டது. ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர். மேசையைச் சுற்றி நண்பர்கள் சிலர் அமர்வர். ஒருவர் நடுவராக இருந்து காடு, குகை, கோட்டை, அரக்கர் என ஓர் உலகைச் சொற்களால் விரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தராகி அவ்வுலகில் நடமாடுவர். போர் மூளும்போது பகடை உருளும். வீச்சு இலக்கில் பட்டதா என்பதை ஒரு பகடை சொல்லும். பட்டதெனில், பகைவனின் உயிர்ப்புள்ளிகளில் எத்தனை குறையும் என்பதை மற்றொரு பகடை சொல்லும். இந்த இரண்டாம் பகடைக்கு எத்தனை முகம் என்பதில்தான் படைக்கலத்தின் வலிமை அடங்கியிருக்கிறது.

முதற்பதிப்பில் எல்லாப் படைக்கலத்திற்கும் ஒரே பகடை. ஆறு முகம் கொண்டது. குறுவாளால் குத்தினாலும், இருகையாலும் ஓங்கும் பெருவாளால் வெட்டினாலும் சராசரி ஊறு 3.5தான். இதைவிடத் தெளிவான சமநிலை வேறில்லை என்று தோன்றும். ஆனால் அந்நூலின் விதிப்படி வீரன் எப்படைக்கலத்தையும் ஏந்தலாம். மந்திரவாதி குறுவாள் ஒன்றையே ஏந்தலாம். மந்திர வாள்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வீரனுக்கு அளிக்கப்பட்ட இந்த உரிமை வெறும் பெயரளவில் நின்றது. எதை எடுத்தாலும் ஒன்றே என்றால், எடுப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

இக்குறையை 1975இல் வெளிவந்த 'கிரேஹாக்' என்னும் துணைநூல் களைய முற்பட்டது. குறுவாளுக்கு நான்கு முகப் பகடை, வாளுக்கு எட்டு முகப் பகடை, இருகை வாளுக்குப் பத்து எனப் படிநிலை வகுக்கப்பட்டது. சராசரி முறையே 2.5, 4.5, 5.5 ஆயிற்று. வேறுபாடு பிறந்தது. அதனோடு மேல் கீழும் பிறந்தது. பெரியது சிறந்ததாயின், வேறு தடையில்லாதவன் சிறியதை ஏன் ஏந்த வேண்டும் என்ற கேள்வி எஞ்சியது.

1977இல் ஜே. எரிக் ஹோம்ஸ் தொகுத்த தொடக்கநிலைப் பதிப்பு ஒரு விந்தையான பாடத்தைத் தருகிறது. எல்லாப் படைக்கலத்திற்கும் ஆறு முகப் பகடை என்ற பழைய விதி அதில் நிலைத்தது. அதனுடன், குறுவாள் போன்ற இலகுவான படைக்கலம் ஒரு சுற்றில் இருமுறை தாக்கும், கனத்த இருகை வாள் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே தாக்கும் என்ற விதியும் சேர்ந்தது. கணக்கிட்டுப் பார்த்தால், இரண்டு சுற்றில் குறுவாளுக்கு நான்கு குத்து. எல்லாம் பட்டால் சராசரி 14. பெருவாளுக்கு ஒரே வெட்டு, சராசரி 3.5. கனத்த வாளை வீச நேரம் அதிகம் என்பது தனியே பார்த்தால் நியாயமான எண்ணமே. ஆனால் கனத்திற்கேற்ற ஊறு அதற்கு இல்லாதபோது, நியாயமான அவ்விதியே பெருவாளைப் பயனற்றதாக்கிவிட்டது. வெண்பாவில் ஒரு சீரைச் செம்மைப்படுத்தப் போய் அடுத்த சீரோடு தளை தட்டுவதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று.

1978இல் வெளிவந்த உயர்நிலைப் பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு வேறு வழியில் சென்றது. உண்மைப் போர்க்களத்தை நெருங்குவதே சமநிலைக்கு வழி என அது கருதியது போலும். நீண்ட கோலில் அலகு பொருத்திய படைக்கலங்கள் மட்டுமே பத்துக்கு மேல் பட்டியலிடப்பட்டன. எந்தக் கவசத்தின்மேல் எந்தப் படைக்கலம் எவ்வளவு எளிதில் படும் என்பதற்குத் தனி அட்டவணை. எதிரி மனித அளவினனா, பேருருவினனா என்பதற்கேற்ப ஊறும் இருவேறு. நெடுவாள் மனிதனுக்கு 1 முதல் 8 வரையும், பேருருவத்திற்கு 1 முதல் 12 வரையும் ஊறு செய்யும். உண்மைக்கு நெருங்கிய இம்முறையில் ஒவ்வொரு படைக்கலத்திற்கும் அதற்குரிய களம் இருந்தது. எனினும் ஒவ்வொரு வீச்சுக்கும் அட்டவணையைப் புரட்ட நேர்ந்ததால் கதையின் ஓட்டம் தடைப்பட்டது. கவச அட்டவணையை ஒதுக்கிவைத்தே ஆடிய குழுக்கள் பல.

2000ஆம் ஆண்டு விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட மூன்றாம் பதிப்பில் நுட்பமான ஒரு கணக்கு உண்டு. நெடுவாளுக்கும் போர்க்கோடரிக்கும் எட்டு முகப் பகடையே. ஆனால் இருபது முகப் பகடையில் 19 அல்லது 20 விழுந்தால் வாளின் ஊறு இருமடங்காகலாம். 20 விழுந்தால் மட்டும் கோடரியின் ஊறு மும்மடங்காகலாம். அதை உறுதிசெய்ய மீண்டும் பகடை உருட்டும் விதி இரண்டிற்கும் பொது. இருபது எண்ணும் ஒருமுறை விழுந்து, அத்தனையும் இலக்கில் பட்டு, உறுதியும் ஆனதாகக் கொள்வோம். வாளுக்கு இரு வீச்சு இருமடங்காகி மொத்தம் 22 பங்கு. கோடரிக்கு ஒரு வீச்சு மும்மடங்காகி அதே 22 பங்கு. தொகை ஒன்று, இயல்பு வேறு. வாள் அடிக்கடி சற்றே மிகும். கோடரி அரிதாகப் பேரிடியாக இறங்கும். எடை சமமாக இருக்க ஓசை வேறுபடுவது போன்றது இது.

அதே பதிப்பில்தான் முட்சங்கிலி என்னும் படைக்கலமும் இருந்தது. தொலைவில் நிற்பவனையும் அது எட்டும். அருகில் நிற்பவனையும் தாக்கும். காலை வாரி வீழ்த்தும். கைவாளைப் பறிக்கவும் உதவும். அதை ஏந்தத் தனிப்பயிற்சி தேவை என்பதே அதற்கு விலை. விலையைக் கொடுத்தவர்கள் பிறவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லா இடத்திலும் பொருந்தும் ஒன்று பட்டியலில் நுழைந்தால், ஏனைய பெயர்கள் அச்சில் இருந்தும் இல்லாதவையே.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளை எளிமையாக்கியது. அதில் முத்தலைச் சூலம் ஒன்று உண்டு. அதன் ஊறு ஈட்டியின் ஊறே. எறியலாம், ஈட்டியையும் எறியலாம். இருகையால் பிடித்தால் எட்டு முகப் பகடை, ஈட்டிக்கும் அவ்வாறே. ஆனால் ஈட்டியின் விலை ஒரு பொற்காசு, சூலத்தின் விலை ஐந்து. ஈட்டியைவிட அது கனமானது. ஏந்த உயர்பயிற்சியும் வேண்டும். இங்கேதான் இப்பொருளின் மனிதப் பக்கம் தெரிகிறது. கடலோரத்து வீரன் ஒருவனை மனத்தில் படைத்து, அவன் கையில் சூலத்தைக் கொடுத்து மகிழும் ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். அருகில் இருப்பவன் ஈட்டியை எடுத்துக் குறைந்த விலையில் அதே பயனைப் பெறுகிறான். கணக்கு அறிந்தவன் வெல்கிறான். கற்பனை செய்தவன் தண்டம் கட்டுகிறான். கற்பனைக்காகவே கூடும் மேசையில் கற்பனைக்கு அபராதம் விதிப்பது, அம்மேசையின் அடிப்படையையே அசைக்கும் செயலாகும்.

2024இல் வெளிவந்த திருத்திய பதிப்பு இதற்கு விடை காண முயன்றது. சூலத்தின் பகடை எட்டு முகமாக உயர்ந்தது. அதைவிட முதன்மையானது மற்றொன்று: பயிற்சி பெற்ற மாந்தர் கையில் ஒவ்வொரு படைக்கலத்திற்கும் ஒரு தனிச்செயல் வகுக்கப்பட்டது. சூலம் எதிரியை நிலைகுலைத்து வீழ்த்தலாம். பெருங்கோடரி ஒருவனை வெட்டிய வீச்சிலேயே அருகிலிருப்பவனையும் தாக்க முயலும். பெருவாளின் வீச்சு தவறினாலும் சிறிது ஊறு செய்யும். எண்ணால் மட்டும் அளந்த காலம் கடந்து, செயலால் வேறுபடுத்தும் காலம் வந்தது. இச்செயல்களுள்ளும் சில பிறவற்றை மிஞ்சக்கூடும். தேடல் முடிந்ததெனச் சொல்வதற்கில்லை.

இந்த ஐம்பதாண்டு முயற்சி உணர்த்துவது ஒன்றே. அனைத்தையும் ஒன்றாக்குவது சமநிலையன்று. ஒன்றை அனைத்திற்கும் மேலாக்குவதும் அன்று. ஒவ்வொன்றும் தனக்குரிய ஓரிடத்திலேனும் வேறெதனாலும் ஈடுசெய்ய இயலாததாக நிற்பதே சமநிலை.

சொல்வன்மை அதிகாரத்தில் வள்ளுவர், தான் சொல்லும் சொல்லை வெல்ல வேறொரு சொல் இல்லை என்பதை அறிந்து சொல்லுமாறு கூறுகிறார். அந்த வெல்லும் சொல் இடத்திற்கு இடம் மாறுவது. நிகண்டில் அடுத்தடுத்து நிற்கும் பெயர்களுள் எதுவும் எங்கும் வெல்வதன்று; எதுவும் எங்கும் தோற்பதும் அன்று. எவரும் எடுக்காத சூலம் ஒன்று பட்டியலில் கிடந்தால், அதற்கான களத்தைப் படைப்பது விதி செய்வோரின் கடன். எவரும் எடுத்தாளாத சொல் ஒன்று நிகண்டில் கிடந்தால், அதற்கான வரியைப் படைப்பது யாருடைய கடன் என்பதை இவ்வவையே அறியும்.