திரவத்திற்கு ஏற்ற பம்பி



நம் வீடுகளில் ஊறுகாயைப் பித்தளைப் பாத்திரத்தில் எவரும் வைப்பதில்லை. அதற்குப் பீங்கான் சாடியே உரியது. புளி சேர்ந்த கறியைப் பித்தளையிற் சமைக்க வேண்டுமாயின், பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசிய பின்னரே சமைப்பார்கள். புளிப்பு உலோகத்தைக் கரைக்கும், கரைந்த உலோகம் உணவைக் கெடுக்கும் என்னும் உண்மையை, இரசாயனம் பயிலாத நம் மூதாட்டியர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அவ்வறிவைச் சற்று விரித்துத் தொழிற்சாலைக்குக் கொண்டு செல்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

தொழிற்சாலையில் அமிலத்தையும் காரத்தையும் ஒரு கலனிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்புவது பம்பி. கிணற்று நீர் இறைக்கும் பம்பி பழுதுற்றால் தோட்டம் ஒரு நாள் வாடும். அமிலம் இறைக்கும் பம்பி பழுதுற்றாலோ, அருகில் நிற்கும் தொழிலாளியின் கண்ணே போய்விடக்கூடும். ஆதலால், பம்பியை எப்பொருளாற் செய்வது என்னும் வினா விலையை மட்டும் பார்த்து விடை காணத்தக்கதன்று.

நம் நாட்டு எடுத்துக்காட்டொன்றைப் பார்ப்போம். பரந்தனில் முன்பு இயங்கிப் போர்க்காலத்தில் நின்றுபோன இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவையும் குளோரீனையும் ஆக்கியது. உப்புக் கரைசலூடாக மின்னோட்டத்தைச் செலுத்தினால் எரிசோடா, குளோரீன், ஐதரசன் ஆகிய மூன்றும் பிறக்கும். பின்னைய இரண்டையும் சேர்த்து எரித்து நீரிற் கரைத்தால் ஐதரோக்குளோரிக்கமிலம் கிடைக்கும். இவை யாவும் ஓர் உப்பின் மக்களே. ஆயினும் ஒன்றின் குணம் மற்றொன்றுக்கில்லை.

உப்புக் கரைசல், துருப்பிடிக்காது என்று நாம் நம்பும் உருக்கிலும் ஊசித்துளை போன்ற குழிகளை உண்டாக்கும். எரிசோடாக் கரைசலைச் சாதாரண வெப்பநிலையில் இரும்பும் உருக்கும் தாங்கும். அலுமினியமோ அதிற் கரைந்து, தீப்பற்றும் ஐதரசனை வெளிவிடும். அதே எரிசோடா செறிந்து சூடேறிவிட்டால், உருக்கும் வெடிப்புறும். அப்போது நிக்கலை நாடவேண்டும். ஐதரோக்குளோரிக்கமிலத்தின் முன் துருப்பிடியா உருக்கு நில்லாது. இறப்பர் உறையிட்ட பம்பியோ, பொலிப்புரொப்பிலீன் போன்ற பிளாத்திக்குப் பம்பியோ அதற்குத் தகும். குளோரீன் இன்னும் விந்தையானது. உலர்ந்த குளோரீனை உருக்குக் குழாய் தாங்கும். ஈரமான குளோரீன் அவ்வுருக்கையே தின்னும். தைத்தேனியம் என்னும் உலோகமோ ஈரக் குளோரீனைப் பொறுத்துக்கொள்ளும். உலர்ந்த குளோரீனில் தீப்பற்றி எரியும்.

இவற்றிலிருந்து நாம் அறிவதென்ன? உயர்ந்த உலோகம், தாழ்ந்த உலோகம் என்று எதுவுமில்லை. திரவத்தின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது. அதன் நிலையையும் அறிதல் வேண்டும்.

சல்பூரிக்கமிலம் இதனைத் தெளிவாகக் காட்டும். நூற்றுக்கு 93 முதல் 98 பங்கு செறிவுள்ள அமிலத்தைச் சாதாரண உருக்குத் தாங்கியிற் சேமிக்கிறார்கள். அமிலம் உருக்கைத் தொட்டதும் ஒரு மெல்லிய படலம் தோன்றி, மேலும் அரிப்பு நேராமற் காக்கிறது. நீர் கலந்து அமிலம் ஐதானால் அப்படலம் நில்லாது. உருக்கு விரைவிற் கரையும். செறிந்த அமிலமாயினும் வேகமாக ஓடினால் படலத்தைக் கழுவிச் சென்றுவிடும். தாங்கியில் அமிலம் அசையாது நிற்கிறது, பம்பியிலோ சுழல்கிறது. எனவே, தாங்கிக்குத் தகுந்த உருக்குப் பம்பியின் சுழலிக்கும் தகும் என்று கொள்வது பெருந்தவறு. அதற்குச் சிலிக்கன் மிகுந்த வார்ப்பிரும்போ வேறு சிறப்புக் கலப்புலோகமோ வேண்டும்.

நம் இறப்பர்த் தோட்டங்களுக்கும் இதில் ஒரு பாடமுண்டு. இறப்பர்ப் பால் உறையாதிருக்க அமோனியா சேர்க்கிறார்கள். அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். அவ்வாறு கரைந்த செம்பு சிறிதளவு பாலிற் கலந்தாலும், அதிலிருந்து பெறும் இறப்பர் விரைவிற் பழுதாகும். பித்தளை உறுப்புள்ள பம்பி ஒன்றினால் பம்பிக்கும் கேடு, பொருளுக்கும் கேடு.

பம்பியின் உடலைத் தேர்ந்த பின்னும் வேலை முடிந்துவிடுவதில்லை. சுழலும் தண்டு உடலைவிட்டு வெளிவரும் இடத்தில் ஓர் அடைப்பு உண்டு. இணைப்புகளில் வளையங்கள் உண்டு. மிகுந்த பொருட்செலவில் வாங்கிய பம்பியும், பொருந்தாத ஒரு சிறு இறப்பர் வளையத்தால் ஒழுகத் தொடங்கும். இயற்கை இறப்பர் பெற்றோலிய எண்ணெயில் ஊதிப் பெருத்துவிடும். ஆகவே, வளையம் தேய்ந்தால் கைக்கு எட்டிய இறப்பர்த் துண்டை வெட்டிப் பொருத்தும் பழக்கத்தை அறவே விடுதல் வேண்டும். மிகக் கொடிய திரவங்களுக்கு, தண்டு வெளிவராமல் காந்த விசையாற் சுழலும் பம்பிகளும் இன்று உள.

பம்பி வாங்குவோர் ஐந்து வினாக்களை எழுதி விற்பனையாளரிடம் கொடுக்கலாம். திரவம் யாது? அதன் செறிவு எவ்வளவு? வெப்பநிலை என்ன? மணலோ பளிங்கோ அதிற் கலந்துள்ளதா? பம்பியைக் கழுவும்போது வேறெத் திரவம் அதனுட் செல்லும்? இறுதி வினாவைப் பலர் மறப்பர். செறிந்த அமிலத்திற்கென அமைந்த பம்பியை நீராற் கழுவும் வேளையிலேயே, ஐதான அமிலம் அதனுள் உண்டாகிறது.

இவ்வினாக்களுக்கு விடை தெரியாதவரை பம்பியை இயக்காதிருப்பதே நன்று. தொழிலாளியும் தயங்காது இவற்றைக் கேட்கலாம்; கேட்பது அவருடைய உரிமை. ஏனெனில், பம்பியின் விலையைக் கொடுப்பவர் முதலாளி. அது ஒழுகும்போது எதிரே நிற்பவர் தொழிலாளி.