ஐந்து சென்ட் காசும் ஆறு படிகளும்



நாள்தோறும் பயணச் சீட்டுக்குச் சில்லறை எண்ணுகிறவன் காசைப் பற்றிப் பேச வந்தது உங்களுக்கு வியப்பாயிராது. ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்டது அமெரிக்க நாட்டின் ஐந்து சென்ட் காசு. அந்நாட்டார் அதை ‘நிக்கல்’ என்றே வழங்குவர். ஆயினும் அதில் செம்புதான் முக்காற்பங்கு!

1938-ஆம் ஆண்டு முதல் இக்காசில் ஜெபர்சன் தலையும், பின்புறம் அவர் வாழ்ந்த மாண்டிசெல்லோ மாளிகையும் இடம்பெற்றன. போர்க்காலத்தில் நிக்கல் தேவைப்படவே, 1942 நடுவிலிருந்து 1945 முடிய வெள்ளி 35, செம்பு 56, மாங்கனீஸ் 9 என்ற விகிதத்தில் கலந்து அடித்தனர். அடையாளத்திற்காக மாளிகையின் மேல் நாணயச்சாலையின் எழுத்தைப் பெரிதாகப் பொறித்தனர். பின்னாளில் 1944 என்று ஆண்டிட்டுக் கள்ளக்காசு அடித்த ஒருவன் அவ்வெழுத்தை இட மறந்தான். காசே அவனைக் காட்டிக்கொடுத்தது.

இனி அருமைக்கு வருவோம். 1950-இல் டென்வர் நாணயச்சாலை அடித்தவை 26,30,030 மட்டுமே. இவ்வரிசையில் இதுவே மிகக் குறைந்த தொகை. செய்தி பரவியதும் மக்கள் சுருள் சுருளாக வாங்கிப் பூட்டி வைத்தனர். 1964 வரை ஏறிய விலை பின்னர் இறங்கியது. இன்றும் புழங்காத புதுக்காசு எளிதில் கிடைக்கிறது. தேய்ந்த காசைத்தான் தேட வேண்டும்!

1953-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தவையோ 1,92,10,900. எனினும் மாளிகையின் படிகள் ஐந்தோ ஆறோ முழுமையாகத் தெரியும் காசு அவற்றில் மிக அரிது. தேய்ந்த அச்சும் போதாத அழுத்தமும் சேர்ந்தால் உலோகம் அச்சின் பள்ளத்தை நிரப்பாது. காசு பிறக்கும்போதே படிகள் மழுங்கியிருக்கும். ஆகவே எத்தனை அடித்தார்கள் என்று கேட்பதோடு நில்லாமல், எப்படி அடித்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

எப்படி வைத்திருந்தோம் என்ற கேள்வியும் உண்டு. அதில் நான் தோற்றேன். என் மைத்துனர் கொணர்ந்த 1950 டென்வர் காசு சற்றே கறுத்திருந்தது. பித்தளைச் செம்பென்று எண்ணிப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தேன். பளபளவென்று மின்னியது. பெருமையோடு ஒரு வணிகரிடம் காட்டினேன். அவர் உருப்பெருக்காடியில் ஒருமுறை பார்த்தார். “ஐயா, படிகள் இருக்கின்றன, தோல் போய்விட்டதே” என்று திருப்பித் தந்தார்.

அக்காசு இதோ என் சட்டைப் பையில் உள்ளது. பார்க்க விரும்புவோர் பேச்சு முடிந்ததும் வரலாம். விளிம்பை மட்டும் பிடித்து எடுக்க வேண்டுகிறேன்.