வாசலில் பூ மலரட்டும், கொசு வளர வேண்டாம்



நம் வீவக புளோக்குகளின் தாழ்வாரத்தில் நடந்து போனால், ஒரு வாசலில் செம்பருத்தி, இன்னொரு வாசலில் மல்லிகை, துளசி, காகிதப்பூ என்று பார்க்கவே மனத்துக்கு இதமாக இருக்கிறது. செடி வளர்ப்பது நல்ல பழக்கம். தண்ணீர் ஊற்றும்போதும் காய்ந்த இலையைக் கிள்ளும்போதும் கை கால்களுக்கு வேலை கிடைக்கிறது. “உங்கள் மல்லிகை நன்றாகப் பூத்திருக்கிறதே” என்று பக்கத்து வீட்டுக்காரர் நின்று பேசுவார். தனியாக இருப்பவர்களுக்கு அந்த இரண்டு வார்த்தையே பெரிய துணை.

கொசுவுக்குப் பயந்து தொட்டிகளையே எடுத்துவிட்டவர்களும் உண்டு. அது தேவையில்லை. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு செடியில் வளர்வதில்லை. தேங்கிய தண்ணீரில்தான் வளர்கிறது. 20 காசு நாணயம் அளவு தண்ணீரே அதற்குப் போதும். முட்டை ஏறக்குறைய ஒரே வாரத்தில் கொசுவாகிவிடும். ஆகவே செடியை வைத்துக்கொள்ளுங்கள், தேங்கும் தண்ணீரை அகற்றுங்கள்.

எங்கே பார்க்க வேண்டும்?

முதலில், தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு தண்ணீருக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் முட்டையிடும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். அதனால் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். முடிந்தால் தட்டே இல்லாமல் வையுங்கள்.

இரண்டாவது, இறுகிப்போன மண். மேலே ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் நிற்கும். சிறு குச்சியால் மண்ணைக் கிளறிவிடுங்கள்.

மூன்றாவது, பூச்சாடி. சாமி மேடையில் வைக்கும் பூச்சாடியானாலும், தண்ணீரில் வளரும் மணி பிளாண்டானாலும், ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீரை மாற்றுங்கள். வேரையும் சாடியின் உட்புறத்தையும் கழுவுங்கள். வாளிகளைப் பயன்படுத்தாதபோது கவிழ்த்து வையுங்கள்.

மறந்துபோகும் என்பவர்கள் செவ்வாய், வெள்ளி என வாரத்தில் இரண்டு நாள்களைக் குறித்துக்கொண்டு எல்லாத் தொட்டிகளையும் சுற்றிப் பாருங்கள்.

2020ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோர் டெங்கியால் பாதிக்கப்பட்டனர். வயதானவர்களுக்கும், நீரிழிவு போன்ற நோய் உள்ளவர்களுக்கும் டெங்கி கடுமையாகலாம். உங்கள் தட்டில் பிறக்கும் கொசு உங்களை மட்டும் கடிப்பதில்லை; எதிர்வீட்டுக் குழந்தையையும் கடிக்கும். அது பகலில் கடிக்கும் கொசு. செடிகளைக் கவனிக்கும்போது கொசுவிரட்டி தடவிக்கொள்ளுங்கள்.

உங்கள் பாதுகாப்பும் முக்கியம். கனமான தொட்டியைத் தூக்காதீர்கள். சிறிய, இலேசான தொட்டியே நல்லது. உயரத்தில் தொங்கும் செடிக்கு நாற்காலியில் ஏறித் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தரையில் சிந்திய தண்ணீரை உடனே துடைத்துவிடுங்கள். மண்ணைத் தொடும்போது கையுறை அணியுங்கள், காயத்தை மூடிக்கொள்ளுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மண்ணில் உள்ள கிருமிகளால் வரும் தொற்று கடுமையாகலாம். பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் அரளி வேண்டாம். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு.

தாழ்வாரம் எல்லாருக்கும் பொதுவான வழி. தீ ஏற்பட்டாலும், தூக்குப்படுக்கை கொண்டுவர நேர்ந்தாலும் குறைந்தது 1.2 மீட்டர் இடம் தடையின்றி இருக்க வேண்டும். தடுப்புச் சுவரின் மேல் தொட்டி வைக்காதீர்கள். கீழே விழுந்தால் உயிர்ச்சேதம் ஏற்படலாம்.

திடீரென்று கடுமையான காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, தோலில் சிவப்புத் தடிப்பு ஆகியவை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்பிரின், இபுபுரோஃபன் போன்ற மாத்திரைகளை நீங்களாகவே விழுங்காதீர்கள். அவை இரத்தக் கசிவை அதிகமாக்கலாம். இதயநோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தத் தட்டுகளைத் தூக்கிப் பாருங்கள். குனிய முடியாத அண்டை வீட்டார் இருந்தால், அவர்களுடைய தட்டையும் சேர்த்துக் கழுவிக் கொடுங்கள்.