நல்லெண்ணத்தின் 25 டாலரும் ஏழைப் பெண்களின் வாரத் தவணையும்

(இளைஞர், மாதர் அரங்க ஊழியர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கல்லூரிப் படிப்பை முடிக்கும் இளைஞர்களில் ஒரு பகுதியினர், சில மாதங்களை ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளில் தன்னார்வப் பணியில் கழிக்கின்றனர். பள்ளி கட்டுவதும் ஆங்கிலம் கற்பிப்பதும் போன்றவை இப்பணியில் அடங்கும். கடந்த இருபது ஆண்டுகளில் சிறுதொழில் செய்யும் ஏழைகளுக்கு நுண்கடன் கிடைக்க உதவுவதும் அதில் சேர்ந்துகொண்டது.

இவர்களைக் கேலி செய்வது எளிது, அது சரியுமல்ல. வறுமையைக் கண்டு மனம் பொறுக்காமல் வருபவர்கள் அவர்கள். அவர்களது நல்லெண்ணம் எந்த அமைப்பின் வழியே பயணம் செய்கிறது, யாருடைய கணக்கில் லாபமாகவும் யாருடைய வீட்டில் சுமையாகவும் போய்ச் சேர்கிறது என்பதே ஆராயப்பட வேண்டிய கேள்வி.

ஜோப்ராவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை

1976ஆம் ஆண்டு வங்கதேசத்தின் சிட்டகாங் அருகே ஜோப்ரா என்ற கிராமத்தில், பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் 42 பேருக்கு மொத்தம் 27 டாலர் மதிப்புள்ள தொகையைக் கடனாகக் கொடுத்தார். மூங்கில் முக்காலி பின்னும் பெண்கள் மூலப்பொருளுக்காக வியாபாரியிடம் சிக்கிக் கிடந்த நிலையை மாற்றுவதே அவரது நோக்கம். அந்த முயற்சி 1983இல் கிராமீன் வங்கியாக உருவெடுத்தது. 2006இல் வங்கிக்கும் அவருக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அதற்கு ஓராண்டு முன்பு, 2005இல், சான் பிரான்சிஸ்கோ நகரில் கிவா என்ற லாப நோக்கமற்ற அமைப்பு தொடங்கப்பட்டது. 25 டாலர் இருந்தால் எவரும் உலகின் ஏதோ ஒரு மூலையில் காய்கறி விற்கும் பெண்ணுக்கோ தையல்காரருக்கோ கடன் தரலாம் என்று இணையத்தின் வழியே அது அழைத்தது. கடன் தருபவருக்கு வட்டி கிடையாது. 200 கோடி டாலருக்கும் அதிகமான கடன்கள் இவ்வழியே சென்றுள்ளன. ஊதியமின்றிப் பல மாதங்கள் வெளிநாட்டில் தங்கி, அங்குள்ள கூட்டாளி நிறுவனங்களுக்கு உதவவும் கடன்தாரர்களைச் சந்தித்து விவரங்களைச் சரிபார்க்கவும் தன்னார்வலர்களை அது அனுப்பி வந்தது.

இதில் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. முதலாவது, படத்தில் காணப்படும் பெண்ணுக்கு நேராகப் பணம் போவதில்லை. 2009ஆம் ஆண்டு டேவிட் ரூட்மன் என்ற பொருளாதார ஆய்வாளர் சுட்டிக்காட்டியபடி, இணையத்தில் படம் வருவதற்கு முன்பே அப்பெண்ணுக்கு உள்ளூர் நிறுவனம் கடன் கொடுத்து முடித்திருக்கும். உண்மையில் அந்த நிறுவனத்துக்கே 25 டாலர் போய்ச் சேருகிறது. இரண்டாவது, கொடுப்பவருக்கு வட்டி இல்லை என்பதால் வாங்குபவருக்கும் வட்டி இல்லை என்று பொருளல்ல. 30 சதவீதத்துக்கும் மேல் வசூலிக்கும் கூட்டாளி நிறுவனங்கள் இருப்பதை கிவாவின் தளமே வெளியிட்டு வந்துள்ளது. கடன் தருபவரின் தியாகம் வாங்குபவரின் வாசலை அடையும்முன், இடையில் ஒரு தொழில் நடந்து முடிகிறது.

நன்கொடை பங்குச்சந்தைக்குப் போன கதை

மெக்சிகோவில் 1990இல் தொண்டு நிறுவனமாகப் பிறந்த கம்பார்டமோஸ், 2007இல் தன் பங்குகளைச் சந்தையில் விற்றது. பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்குகளில் ஒரு பகுதியை மட்டும் விற்று, ஏறக்குறைய 45 கோடி டாலர் பெற்றனர். அப்போது அந்நிறுவனம் ஏழைப் பெண்களிடம் வாங்கிய வட்டி, வரியையும் சேர்த்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய 100 சதவீதம். யூனுஸே இதைக் கடுமையாகக் கண்டித்தார்.

இந்தியாவில் அதே பாதையில் நடந்தது எஸ்.கே.எஸ். மைக்ரோ ஃபைனான்ஸ். 1990களின் இறுதியில், அமெரிக்காவில் வாழும் இந்தியர்கள் உள்ளிட்ட தனிமனிதர்களிடம் திரட்டிய சிறு நன்கொடைகளைக் கொண்டு ஆந்திரப் பிரதேசத்தில் தொண்டு அமைப்பாக அது தொடங்கியது. பிறகு வங்கியல்லாத நிதி நிறுவனமாக மாறியது. அமெரிக்க முதலீட்டு நிறுவனமான சிக்கோயாவின் பணம் உள்ளே வந்தது. 2010 ஆகஸ்டில் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டபோது திரட்டப்பட்ட தொகை 1,600 கோடி ரூபாய்க்கு மேல்.

பங்கு விற்பனைக்கும் ஆந்திரக் கிராமங்களின் துயரத்துக்கும் இடையே நேரடித் தொடர்பு உண்டு. பங்கின் விலை உயர வேண்டுமானால் கடன்தாரர் எண்ணிக்கை காலாண்டுக்குக் காலாண்டு பெருக வேண்டும். ஒரே கிராமத்தில் நான்கைந்து நிறுவனங்கள் போட்டிபோட்டுக் கடன் கொடுத்தன. ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்திடம் கடன் வாங்க வேண்டிய நிலைக்குப் பெண்கள் தள்ளப்பட்டனர். 2006லேயே கிருஷ்ணா மாவட்டத்தில் நிர்வாகம் தலையிட்டு நுண்கடன் கிளைகளை மூட நேர்ந்தது. அந்த எச்சரிக்கையை எவரும் பொருட்படுத்தவில்லை. 2010இல் தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. நிறுவனங்கள் மாவட்ட அளவில் பதிவு செய்ய வேண்டும். வாரத் தவணை கூடாது, மாதத் தவணையே வேண்டும். வட்டி அசலைத் தாண்டக் கூடாது. வசூல் பொது இடத்தில் நடக்க வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. வசூல் அடியோடு சரிந்தது.

வாரம் 225 ரூபாய்

இந்தக் கடனின் கணக்கைப் புரிந்துகொள்ள ஓர் எளிய உதாரணம் போதும். 10,000 ரூபாய் கடன். 50 வாரங்களுக்கு வாரம் 225 ரூபாய் தவணை. மொத்தம் கட்டுவது 11,250 ரூபாய். வட்டி 12.5 சதவீதம்தான் என்று முகவர் சொல்வார். ஆனால் அசல் வாராவாரம் குறைந்துகொண்டே வருகிறது. ஆண்டு முழுவதும் சராசரியாக அப்பெண்ணின் கையில் இருப்பது 5,100 ரூபாய் மட்டுமே. அதற்கு 1,250 ரூபாய் வட்டி என்றால் உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 25 சதவீதம். கட்டணம், காப்பீட்டுத் தொகை ஆகியவற்றைக் கடனிலேயே பிடித்துக்கொண்டால் அது இன்னும் உயரும்.

அடமானமாகச் சொத்து கேட்கப்படுவதில்லை. அதன் இடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களின் உறவு வைக்கப்படுகிறது. ஒருத்தி கட்டத் தவறினால் குழுவின் மற்றவர்கள் கட்ட வேண்டும். வசூல் ஊழியர் செய்ய வேண்டிய நெருக்குதலை ஏழையே ஏழைக்குச் செய்கிறார். 99 சதவீதத் திருப்பிச் செலுத்தல் என்று நிறுவனங்கள் பெருமை கொண்டாடிய புள்ளிவிவரத்தின் அடியில், விற்கப்பட்ட ஆடும் அடகுக்குப் போன தாலியும் இருந்ததை எந்த ஆண்டறிக்கையும் பதிவு செய்யவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு வறுமையாவது ஒழிந்ததா? அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் இணை ஆய்வாளர்களுடன் ஹைதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளில் விரிவான ஆய்வு நடத்தினர். இந்தியா, மெக்சிகோ, மொராக்கோ, எத்தியோப்பியா, மங்கோலியா, போஸ்னியா ஆகிய ஆறு நாடுகளின் ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளியாயின. ஏற்கெனவே தொழில் செய்பவர்களில் சிலருக்குக் கடன் ஓரளவு பயன்படுகிறது. ஆனால் குடும்பங்களின் வாழ்க்கையை அது மாற்றியமைக்கவில்லை என்பதே அவற்றின் சாரம். 

இதில் வியப்பில்லை. ஒரே தெருவில் பத்துப் பேர் கடன் வாங்கிப் பத்து இட்லிக் கடைகள் வைத்தால், தெருவில் உள்ளவர்களின் வாங்கும் சக்தி உயராதவரை, பத்துக் கடைகளும் ஒன்றின் வியாபாரத்தை இன்னொன்று பறித்தே வாழ வேண்டும். நிலமும் வேலையும் கூலி உயர்வும் இல்லாத இடத்தில் கடன் அவற்றுக்கு மாற்றாகாது. மருத்துவச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் தொழிற்கடன் செலவாகிறது என்றால், அங்கே இல்லாமற்போனது அரசு மருத்துவமனையும் அரசுப் பள்ளியுமே.

பின்வாங்கிய பொதுத்துறை

1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டதும் 1975இல் வட்டார கிராம வங்கிகள் தொடங்கப்பட்டதும் கிராமத்துக்கு முறையான கடன் போக வழி திறந்தன. 1991க்குப் பிறகு தாராளமயக் கொள்கை அந்த வழியைக் குறுக்கியது. வங்கி விலகிய இடத்தில்தான் நுண்கடன் நிறுவனம் வந்து அமர்ந்தது. அதே வங்கிகளிடம் குறைந்த வட்டிக்குப் பணம் பெற்று, ஏழைகளுக்கு அதிக வட்டிக்குத் தரும் இடைத்தரகராக அது இயங்குகிறது. இந்தக் கடனை முன்னுரிமைத் துறைக் கடனாக வங்கிகள் கணக்குக் காட்டிக்கொள்ளவும் விதி அனுமதிக்கிறது.

ஆந்திர நெருக்கடிக்குப் பின் மாலேகம் குழு 24 சதவீத வட்டி உச்சவரம்பைப் பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கியும் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. ஆனால் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் வட்டி உச்சவரம்பை நீக்கிவிட்டன. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிவரை கடன் தவணைக்குப் போகலாம் என்பதே இன்றைய விதி. உணவுக்கே போதாத வருமானத்தில் பாதி! அதே 2022இல், ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களுக்கு மாநிலக் கடன் சட்டங்கள் பொருந்தா என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைவு என்ன? 2025இல் கர்நாடக அரசு வசூல் கொடுமைக்கு எதிராக அவசரச் சட்டம் பிறப்பிக்க வேண்டியிருந்தது. தமிழ்நாடு சட்டமன்றமும் அதே ஆண்டில் சட்டம் இயற்றியது. பதினைந்து ஆண்டுகளில் ஆந்திரத்தின் நோய் அகலவில்லை, இடம் மாறியிருக்கிறது.

மாற்று இருக்கிறது

1998இல் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய குடும்பஸ்ரீ இதற்கு வேறொரு பாதையைக் காட்டுகிறது. அங்கே பெண் ஒரு வாடிக்கையாளர் அல்லர், அயல்கூட்டத்தின் உறுப்பினர். 40 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் அதில் இணைந்துள்ளனர். சேமிப்பும் வங்கிக் கடனும் உண்டு. அவற்றோடு உள்ளாட்சி அமைப்பின் திட்டமிடலில் பங்கு, குழுவாகக் குத்தகை விவசாயம், உணவகங்கள், சந்தை உதவி ஆகியனவும் உண்டு. லாபத்துக்காகக் காத்திருக்கும் பங்குதாரர் அங்கே இல்லை. குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் தவறு நேர்ந்தால் கேள்வி கேட்க வார்டு கூட்டம் இருக்கிறது.

வெளிநாட்டுக்குத் தன்னார்வப் பணிக்குச் செல்ல விரும்பும் இளைஞர்களுக்கும் இதிலிருந்து சொல்ல வேண்டியது உண்டு. உதவப்போகும் நிறுவனத்திடம் முதலில் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்: குறையும் அசலின் மீது உண்மையான வட்டி எவ்வளவு? தவணை தவறினால் என்ன செய்வீர்கள்? லாபம் யாருக்குப் போகிறது? முடிவெடுக்கும் குழுவில் கடன் வாங்கிய பெண்கள் இருக்கிறார்களா? இவற்றுக்கு நேரான பதில் கிடைக்காத இடத்தில் தன்னார்வலரின் உழைப்பு, வசூலுக்குக் கிடைத்த கூலியில்லா ஆள்பலமாகவே முடியும்.

மாதர், வாலிபர் இயக்கங்களின் கடமை இன்னும் நேரானது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் எந்த நிறுவனம், எவ்வளவு வட்டி, எத்தனை கடன் என்ற கணக்கை வீடுவீடாக எடுக்க வேண்டும். வட்டி உச்சவரம்பை மீண்டும் கொண்டுவர வேண்டும்; பொதுத்துறை வங்கிகள் சுய உதவிக் குழுக்களுக்கு நேரடியாகக் குறைந்த வட்டிக் கடன் தர வேண்டும்; வீடு புகுந்து வசூலிப்பது தண்டனைக்குரிய குற்றமாக நாடு முழுவதும் அறிவிக்கப்பட வேண்டும். தவணை நாளன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்கும் பெண், தான் தனியாள் அல்ல என்று உணர்ந்து கதவைத் திறக்கும் நிலையை உருவாக்குவதே இயக்கத்தின் முதல் வேலை.