கீரை மேல் பழி போட வேண்டாம்

(யாழ்ப்பாணத்தில் எமது மாதர் பிரிவு ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றி மற்றத் தோழர்கள் பேசிவிட்டார்கள். நாங்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

சாப்பிட்ட பின் உடம்பு தடித்து அரித்தால் இங்கே 'கிரந்தி' என்கிறீர்கள். கத்தரிக்காயும் தக்காளியும் இறாலும் கூடாது என்கிறீர்கள். ஹிஸ்டமின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்று வைத்தியர்கள் சொல்லும் பட்டியலிலும் கத்தரியும் தக்காளியும் உண்டு. நம் ஆச்சிமார் பரவாயில்லை!

உணவில் வரும் ஹிஸ்டமினைக் குடலிலுள்ள ஒரு நொதியம் சிதைக்கிறது. அது குறைந்தவர்களுக்குத்தான் அரிப்பு, தலையிடி, மூக்கடைப்பு, வயிற்றோட்டம் எல்லாம்.

அந்தப் பட்டியலில் 'ஸ்பினாச்' என்றும் இருக்கும். அதைத் தமிழில் 'கீரை' என்று எழுதிவிடுகிறார்கள். லயத்துப் பெண்கள் கேள்விப்பட்டு எல்லாக் கீரையையும் விட்டுவிடுகிறார்கள். ஸ்பினாச் குளிர்நாட்டுச் செடி. இணுவில், கோண்டாவில் செம்மண்ணில் விளையும் பொன்னாங்காணியும் வல்லாரையும் வேறு. கொடியில் படரும் பசளியும் வேறு. இரத்தம் குறைந்த உடம்போடு மலையேறிக் கொழுந்து பறிப்பவள் கீரையையும் விட்டால் எதைச் சாப்பிடுவாள்?

முதலில் பார்க்க வேண்டியது மீனை. ஐஸ் இல்லாமல் கிடந்த சூரை மீனில் பக்டீரியா ஹிஸ்டமினைப் பெருக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரை அதே நொதியத்தைத் தடுக்கிறது. மாத்திரை எடுத்தவர்கள் இப்படிப்பட்ட மீனைச் சாப்பிட்டு அவதிப்பட்டதை நம் நாட்டு வைத்தியர்கள் ஊரகொடவும் கொட்டேகொடவும் 1977இலேயே எழுதினார்கள். தோட்டத்தில் அந்த மாத்திரை எடுப்பவர்கள் சூரையைத் தொட வேண்டாம். மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது.

சந்தேகம் இருந்தால் கருவாடு, தக்காளி சேர்க்காமல், வெறும் சோற்றோடு ஒரேயொரு கீரையை வறுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். அடுத்த கீரையை இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். காலையில் பிடுங்கியதை அன்றே சமையுங்கள், மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள். வாடின கீரையிலும் ஹிஸ்டமின் கூடும். உதடு, தொண்டை வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ பரீட்சை எதுவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

உங்கள் வளவில் முருங்கை நிற்கிறது, கை நீட்டினால் இலை. எங்களுக்கு லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி போடவும் துரையிடம் கேட்க வேண்டும். கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்குக் கீழே அதையும் எழுதித் தாருங்கள் என்று சங்கத்திடம் கேட்கிறோம்.