மார்கழிக் கச்சேரியும் நிகழ்ச்சி நிரலும்

1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடைபெற்ற இசை மாநாட்டின் விளைவாக 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. அதன் ஆண்டு விழா டிசம்பரில் நிலைபெற்றபின், உறுப்பினர் சந்தாவாலும் நன்கொடையாலும் இயங்கும் கலை மன்றங்களான பிற சபாக்களும் அதே பருவத்தில் கச்சேரிகளை அமைத்ததால், 'டிசம்பர் சீசன்' என்னும் இசைவிழாக் காலம் உருவாயிற்று.

மயிலாப்பூர், தியாகராய நகர், திருவல்லிக்கேணி எனப் பல இடங்களில் ஒரே மாலையில் கச்சேரிகள் நிகழ்வதால், நாள், நேரம், அரங்கு, கலைஞர் ஆகியவற்றைத் தெரிவிக்கும் நிகழ்ச்சி நிரல் ரசிகருக்கு இன்றியமையாத வழிகாட்டியாகிறது. நிரலில் பெயர்களின் வரிசைக்கும் பொருள் உண்டு: முதலில் முதன்மைக் கலைஞர், அடுத்து வயலின், பின்னர் மிருதங்கம், இறுதியில் உபபக்கவாத்தியம் எனப்படும் கடம் அல்லது கஞ்சிரா என்பதே பொதுவான வழக்கம்.

மாலைக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் கட்டணச் சீட்டு தேவைப்பட, வளரும் கலைஞர்களின் பிற்பகல் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் அனுமதி இலவசம். ஆயினும் அவ்வேளைகளில்தான் நாற்காலிகள் மிகுதியாகக் காலியாக இருக்கின்றன. ஆகவே, புகழ்பெற்ற பெயர்களோடு நின்றுவிடாமல், நிரலின் பிற்பகல் வரிகளையும் படித்து, அருகிலுள்ள சபாவில் இளங்கலைஞர் ஒருவரின் கச்சேரியையேனும் முழுமையாக இருந்து கேட்பது ஒவ்வொரு ரசிகரின் கடமையாகும்.