வேலை வெளிநாட்டில், வருமானம் ஊரில்: வரி யாருக்கு?

இந்தியாவில் ஒருவரின் வருமான வரிக் கணக்கு அவருடைய பாஸ்போர்ட்டில் தொடங்குவதில்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஓராண்டில் அவர் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தார் என்பதில்தான் தொடங்குகிறது. 182 நாள் அல்லது அதற்கு மேல் இருந்தவர் உள்நாட்டில் வசிப்பவர். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் விடுப்பில் ஊருக்கு வந்து அதற்குக் குறைவான நாட்களே தங்கினால், அவர் வசிக்காதவர், அதாவது என்ஆர்ஐ. வசிப்பவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் இந்தியா கணக்குக் கேட்கும். வசிக்காதவரிடம் இந்தியாவில் விளைந்த வருமானத்துக்கு மட்டுமே கேட்கும்.

ஆகவே துபாயிலோ தோஹாவிலோ உழைத்து அங்கேயே வாங்கும் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி கிடையாது. அந்தச் சம்பளத்திலிருந்து மனைவிக்கும் பெற்றோருக்கும் மாதாமாதம் அனுப்பும் பணத்துக்கும் வரி கிடையாது. அது ஏற்கெனவே கைக்கு வந்த பணம் இடம் மாறுவது, புதிய வருமானம் அல்ல. வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்க்கும் என்ஆர்ஐ மாலுமியின் சம்பளம், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டு வைக்க இந்தியாவில் உள்ள என்ஆர்இ கணக்கில் நேரே வந்து விழுந்தாலும் அதை வருமானத்தில் சேர்ப்பதில்லை என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017-இல் சுற்றறிக்கையே அனுப்பித் தெளிவுபடுத்தியது.

இந்த நாள் கணக்குக்கு 2020-இல் இரண்டு திருத்தங்கள் வந்தன. இந்தியாவில் 15 இலட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர் ஊருக்கு வந்து தங்கும் வரம்பு 182 நாளிலிருந்து 120 நாளாகச் சுருங்கியது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளாவது இங்கே இருந்திருந்தால்தான் இது பொருந்தும். அதே அளவு வருமானம் உள்ள இந்தியக் குடிமகன் வேறு எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாதவர் என்றால், அவர் இங்கே வசிப்பவராகவே கருதப்படுவார். வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களிடையே இது பெரும் கலக்கத்தை உண்டாக்கியது. அவர்கள் அங்கே வாங்கும் சம்பளத்தின் மீது வரி போடும் எண்ணம் இல்லை என்று அரசு உடனே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பிரிவுகளின் எண்கள் மாறினாலும், இந்த நாள் கணக்கின் அடிப்படை மாறவில்லை.

ஊரில் விளையும் வருமானத்தில் முதலில் வருவது வங்கி வட்டி. வெளிநாட்டில் குடியேறியவர் தம் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும். பலர் வருடக்கணக்கில் மாற்றாமலே வைத்திருக்கிறார்கள். அது அந்நியச் செலாவணி விதிகளை மீறுவதாகும். என்ஆர்ஓ கணக்கின் வட்டிக்கு முதல் ரூபாயிலிருந்தே வங்கி 30 சதவீதமும், அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும், ஆக 31.2 சதவீதம் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டு வைக்கும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கோ இந்தியாவில் வரியே இல்லை.

அதிகம் பேரைப் பாதிப்பது வீட்டு வாடகை. திருச்சியில் உள்ள ஒரு வீடு மாதம் 20,000 ரூபாய் வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது, அதன் உரிமையாளர் அபுதாபியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் என்ஆர்ஐ என்பதால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், குடியிருப்பவர் மாதாமாதம் 31.2 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அதற்கென்று டான் எனப்படும் வரிப் பிடித்தக் கணக்கு எண் வாங்க வேண்டும், காலாண்டுக்கு ஒருமுறை கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். இந்தப் பொறுப்பு தன் தலையில் இருப்பதே பெரும்பாலான குடித்தனக்காரர்களுக்குத் தெரியாது. ஆனால் பிடிக்கத் தவறினால் வருமான வரித் துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

இந்தக் கணக்கில் மாதம் 6,240 ரூபாய், வருடத்துக்கு 74,880 ரூபாய் பிடித்தமாகப் போகும். உண்மையில் கட்ட வேண்டிய வரி எவ்வளவு? ஆண்டு வாடகை 2,40,000. வீட்டு வரி 6,000 கட்டியிருந்தால் மீதி 2,34,000. அதில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று சட்டமே கழித்துக்கொடுக்கிறது. மிஞ்சுவது 1,63,800. வேறு வருமானம் இல்லாவிட்டால் இதற்கு வரி சுத்தமாகக் கிடையாது. பழைய முறையில் 2.5 இலட்சம் வரையும், புதிய முறையில் 4 இலட்சம் வரையும் என்ஆர்ஐக்கும் விலக்கு உண்டு. ஆனால் பிடித்த 74,880 ரூபாய் தானாகத் திரும்பி வராது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து ரீஃபண்ட் கேட்டால்தான் வரும். ஒரு வீட்டு வாடகையை மட்டும் நம்பியிருக்கும் தொழிலாளிக்கு இந்த ஏற்பாடு அநியாயமான சுமை. வரியே இல்லாத வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரு வருடத்துக்கும் மேலாக முடங்கிக் கிடக்கிறது.

12 இலட்சம் வரை வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் வந்த அறிவிப்பை என்ஆர்ஐகள் பலரும் தங்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். அது வரித் தள்ளுபடியால் கிடைக்கும் சலுகை. அந்தத் தள்ளுபடி உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. என்ஆர்ஐக்கு 4 இலட்சத்தைத் தாண்டிய வருமானத்துக்கு வரி ஓடத் தொடங்கிவிடும்.

வீட்டையோ மனையையோ விற்கும்போது தொகை பெரிதாகிறது. இரண்டு ஆண்டுக்கு மேல் கையில் இருந்த சொத்தின் இலாபத்துக்கு வரி 12.5 சதவீதம். 50 இலட்சத்துக்கு வாங்கிய வீட்டை 80 இலட்சத்துக்கு விற்றால், 30 இலட்சம் இலாபத்துக்கு வரி செஸ்ஸோடு 3,90,000 ரூபாய். ஆனால் வாங்குபவருக்கு இலாபம் எவ்வளவு என்று தெரியாது. எனவே அவர் பெரும்பாலும் 80 இலட்சம் முழுவதற்கும் கணக்குப் போட்டு, கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து 11 இலட்சத்துக்கு மேல் பிடித்துவிடுகிறார். பத்திரப் பதிவுக்கு முன்பே வருமான வரித் துறையிடம் விண்ணப்பித்து, குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழை வாங்கிவிட்டால் இந்தச் சிக்கல் வராது. சான்றிதழ் கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், விலை பேசத் தொடங்கும்போதே ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்கு விலைவாசி உயர்வைக் கழித்து 20 சதவீத வரி கட்டும் மாற்று வழி உள்நாட்டவருக்கு உண்டு, என்ஆர்ஐக்கு இல்லை.

இதுவரை சொன்னது இந்தியாவின் கணக்கு. குடியிருக்கும் நாடும் இதே வருமானத்துக்குக் கை நீட்டுமா என்பது அடுத்த கேள்வி. ஐக்கிய அரபு அமீரகத்தில் தனிநபர் வருமான வரியே இல்லை. ஓமன் மட்டும் 2028 ஜனவரி முதல், ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 5 சதவீத வரி கொண்டுவரச் சட்டம் இயற்றியிருக்கிறது. வளைகுடா நாடுகளில் இதுவே முதல் முறை. சிங்கப்பூரில் வசிக்கும் தனிநபர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு 2004 முதல் பொதுவாக வரி இல்லை.

அமெரிக்காவின் வழக்கம் வேறு. குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ அங்கே வசிப்பவரோ, யாராக இருந்தாலும் உலகில் எங்கிருந்து வரும் வருமானத்தையும் அங்கே காட்ட வேண்டும். ஊரில் வரும் வாடகைக்கு இந்தியாவில் கட்டிய வரியை அங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் இந்தியாவில் வரி விலக்கு பெற்ற வருமானத்துக்குக் கழிக்க எதுவும் இருக்காது. என்ஆர்இ வட்டியும், தஞ்சாவூர்ப் பக்கம் நஞ்சை நிலத்திலிருந்து வரும் குத்தகையும் இங்கே வரி இல்லாதவை, அங்கே முழு வரிக்கு உட்பட்டவை. இந்தியா உட்பட அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகளின் மொத்த இருப்பு வருடத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனி அறிக்கை தர வேண்டும். அம்மாவோடு சேர்ந்து கூட்டாக வைத்திருக்கும் கணக்கும் இதில் சேரும். தராவிட்டால் அபராதம் கடுமை. 2015-இல் இரு நாடுகளும் செய்த உடன்படிக்கையால் இந்திய வங்கிக் கணக்குகளின் விவரம் அமெரிக்க வரித் துறைக்குப் போய்ச் சேர்கிறது. மறைத்து வைக்கலாம் என்று நினைப்பது வீண்.

ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளிலும் முழு வரி விழாமல் தடுப்பவை இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்கள். அமீரகம், சிங்கப்பூர், அமெரிக்கா உட்படப் பல நாடுகளோடு இந்தியா இவற்றைச் செய்துகொண்டிருக்கிறது. அமீரகத்தில் வசிப்பவரின் என்ஆர்ஓ வட்டிக்கு இந்தியா 12.5 சதவீதத்துக்கு மேல் வரி போடக்கூடாது என்பது அந்த ஒப்பந்தத்தின் விதி. இந்தக் குறைந்த விகிதம் வேண்டுமானால், அந்த நாட்டு அரசு கொடுக்கும் வரி வசிப்புச் சான்றிதழை ஆண்டுதோறும் வாங்கி வங்கியிடம் கொடுக்க வேண்டும். அது இல்லாதவரை வங்கி 31.2 சதவீதத்தையே பிடிக்கும்.

பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்புபவர் உடனே முழுமையாக வசிப்பவர் ஆகிவிடுவதில்லை. முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு வசிக்காதவராக இருந்தவருக்கும், முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாளோ அதற்குக் குறைவாகவோ இங்கே இருந்தவருக்கும் இடைப்பட்ட ஒரு நிலை உண்டு. வழக்கமாக இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிக்கும் அந்தக் காலத்தில் வெளிநாட்டு வங்கி வட்டிக்கும் வாடகைக்கும் இந்தியாவில் வரி இல்லை. அது முடிந்த பிறகு வெளிநாட்டு வருமானம் முழுவதும் இங்கே வரிக்குள் வந்துவிடும். அங்கே விட்டுவந்த வங்கிக் கணக்கு, பங்கு, வீடு அனைத்தையும் ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கில் காட்டவும் வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய் அபராதம் விழலாம்.